பூனைக்காதுக் கடையில் ஒரு "போறன்"

எங்கள் வீட்டில் "போறன்" என்ற சொல்லுக்கு இடமில்லை. மூலைக்கடையில் பால் வாங்கப் போனாலும் "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் "போறன்" என்றால் அது திரும்பி வராத போக்கு என்று ஒரு பயம். நான் அந்தப் பயத்தோடு வளர்ந்து, அதையும் தூக்கிக்கொண்டு சுவிஸில் பேர்ணுக்கு வந்தவள். மகள் இங்கே பிறந்தவள். பேர்ண் ஜெர்மனில் "இ கா" என்றால் காரியம் முடிந்தது. நான் போகிறேன், அவ்வளவுதான். அதை அப்படியே தமிழாக்கி, "அம்மா, போறன்" என்று கத்திக்கொண்டு படியிறங்குவாள். நான் யன்னலைத் திறந்து மூன்றாம் மாடியிலிருந்து, "போயிட்டு வாறன் எண்டு சொல்லு! எப்ப வருவாய்?" என்று கத்துவேன். நாங்கள் தினமும் காலையில் சண்டை பிடிக்கிறோம் என்றே கீழ்வீட்டுக்காரி கனகாலம் நினைத்திருந்தாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் ஜப்பான் பிடித்தது. பிடித்தது என்றால் காய்ச்சல் பிடிப்பது மாதிரி. பின்பக்கத்திலிருந்து வாசிக்கும் படக்கதைப் புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே நிறைந்தன. பொதுப்பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை இரவிரவாக இருந்து ஜப்பான் எழுத்துப் படித்தாள். பிறகு பொய்த் தலைமயிர் வந்தது. ஊதா நிறத்தில், இடுப்புவரை. அதைக் கழுவிக் குளியலறையில் காயப்போட்டிருந்தாள். விடியற்காலை வேலைக்கு வெளிக்கிட்ட என் மனுசன் உள்ளே போன வேகத்தில் திரும்பி ஓடி வந்து, "உள்ளுக்க ஒரு பொம்பிளை நிக்கிறாள்" என்றார். இருபது வருடக் குடித்தனத்தில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான். சிரிப்பு நின்றது அவளுடைய பத்தொன்பதாவது வயதில். சூரிச்சில் படிக்க இடம் கிடைத்திருந்தது. பேர்ணிலிருந்து சூரிச்சுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். பாதிப் பேர்ண் தினமும் போய் வருகிறது. அவள் பாணுக்கு வெண்ணெய் பூசியபடியே, "அம்மா, சூரிச் ஓர்லிகோனில ஒரு அறை கிடைச்சிருக்கு. நாலு பேர் சேர்ந்து இருக்கிற வீடு. செப்டெம்பரில நான் போறன்" என்றாள்.

அறையை விட, நாலு பேரை விட, அந்தப் "போறன்" தான் என்னைக் குத்தியது. எனக்கு ஒரே பிள்ளை. இவள் போனால் போனதுதான், கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு விருந்தாளி மாதிரி வந்து போவாள் என்று எனக்குப் பயம். பயத்தைப் பயம் என்று சொல்ல வராது எனக்கு. கோபமாகத்தான் வரும். இரண்டு கிழமை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "சோறு இருக்கெண்டு உங்கட மகளிட்டச் சொல்லுங்கோ" என்று மனுசனிடம் சொல்வேன். மகள் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பாள்.

மூன்றாம் கிழமை அவளே வந்தாள். அவளும் சிநேகிதர்களும் ஓர் இளைஞர் மண்டபத்தில் ஒரே ஒரு நாளைக்கு ஜப்பான் பாணித் தேநீர்க்கடை போடுகிறார்களாம். சமைக்க இருந்த பெடியன் சைக்கிளால் விழுந்து கையை முறித்துவிட்டானாம்.

"நூறு ஆம்லெட் அம்மா. உங்களை விட்டா எனக்கு ஆருமில்லை."

நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவள். நூறு ஆம்லெட் எனக்கு ஒரு காலைப்பொழுது. ஆனாலும் நான் ஒப்புக்கொண்டது ஆம்லெட்டுக்காக அல்ல, அந்த "ஆருமில்லை"க்காக.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால், என் பிள்ளை கறுப்புச் சட்டையும் சுருக்கு வைத்த வெள்ளை ஏப்ரனும் போட்டு, தலையில் பூனைக்காது மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளோடு படித்த ஆறடி உயரப் பெடியனும் அதே ஏப்ரனோடு, அதே காதோடு. தக்காளிச் சோஸ் போட்டுப் பிரட்டிய சோற்றின் மேல் ஆம்லெட்டைப் போர்த்துவது என் வேலை. அதன்மேல் தக்காளிச் சோஸால் பூனையோ கரடியோ கீறிக் கொண்டுபோய் மேசையில் வைப்பது அவர்கள் வேலை. வைத்துவிட்டு இரண்டு கையாலும் இதய வடிவம் காட்டி ஏதோ மந்திரம் சொன்னார்கள். சாப்பாட்டுக்குக் கண்ணூறு நாவூறு கழிக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். ருசி கூடுவதற்காம்.

"வாறவையை என்னெண்டு கூப்பிடுறாய்?" என்று கேட்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகு நான் நேரே கேட்ட முதல் கேள்வி.

"எசமான். பொம்பிளையள் எண்டா சின்னம்மணி மாதிரி ஒரு சொல்லு."

எனக்கு ஏறிவிட்டது. "இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து கண்டவன் தின்ற தட்டுக் கழுவி உன்னைப் படிப்பிச்சன். நீ விளையாட்டுக்கு வேலைக்காரி வேசம் போட்டு எசமான் எண்டுறியோ?"

"விளையாட்டு எண்டபடியாத்தான் அம்மா சொல்லேலுமாயிருக்கு," என்றாள். "உங்களுக்கு அது விளையாட்டா இருக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சட்டியில் முட்டை கருகியிருந்தது. சுரண்டிக் கொட்டிவிட்டு அடுத்ததை உடைத்தேன்.

கதவு மணி அடிக்கும்போதெல்லாம் அவர்கள் எல்லோரும் சேர்ந்து "ஒகாயேரி" என்று தொடங்கும் நீளமான ஒரு வணக்கம் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆறடிப் பூனையிடம் ஜெர்மனில் கேட்டேன். "வீட்டுக்குத் திரும்பி வந்தவரை வரவேற்பது. இந்தக் கடையில் வருகிற எல்லோரும் வீட்டுக்காரர்தான்" என்றான். சொந்த வீட்டை விட்டுப் போகிறவள், முன்பின் தெரியாதவனையெல்லாம் வீட்டுக்கு வா என்கிறாள். கோபத்தில் சோஸ் போத்தலைப் பறித்து நானே கீறிய பூனை பெருச்சாளி மாதிரி வந்தது. அதை வாங்கிய தாடிக்காரர், எலி நல்ல வடிவாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார்.

போகிறவர்களுக்கும் ஒரு சொல் இருந்தது. "இத்தெராஷ்ஷாய்" என்று அவர்கள் சொல்ல, பழக்கமுள்ளவர்கள் "இத்தெ கிமாஸ்" என்று பதில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

"அதென்ன?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "சொன்னா ஏசுவீங்கள். நாங்கள் சொல்லுறது போயிட்டு வாங்கோ. அவை சொல்லுறது போயிட்டு வாறன் எண்டுறதுதான் அம்மா. இத்தெ எண்டா போய், கிமாஸ் எண்டா வாறன். ஜப்பான்காரரும் வீட்டால வெளிக்கிடேக்க சும்மா போறன் எண்டு சொல்ல மாட்டினம்."

"ஜப்பான்காரன் சொன்னா உடனே பாடம். பெத்தவள் பத்தொன்பது வருசமாக் கத்துறன், காதில ஏறேல்லை!"

"இப்ப ஏறியிருக்குத்தானே," என்று தன் பூனைக்காதைத் தொட்டுக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணி போல நூறாவது ஆம்லெட்டும் முடிந்தது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் என் வேலை தொடங்கும். ட்ராமுக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது. ஏப்ரனைக் கழற்றி எறிந்து, கைப்பையைத் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்தபடி, "சரி பிள்ளை, நான் போறன்" என்றேன்.

"அம்மா!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அசல் நான்தான்.

"இப்ப என்ன சொன்னனீங்கள்?"

என் வாயிலிருந்துதான் வந்தது. பத்தொன்பது வருடம் காவல் காத்த சொல், அவசரத்தில் தானாக நழுவிவிட்டது. அதைச் சொன்னபோது எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. ட்ராமைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படியென்றால் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு சொன்னபோது அவளுக்கும் இருந்திருக்காது.

அவள் என் கையைப் பிடித்து இழுத்து, ஒரு கதிரையில் இருத்தி, இளஞ்சிவப்புக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். "சகுனம் பிழைச்சா இருந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் வெளிக்கிடோணும். நீங்கள்தான் சொல்லித் தந்தனீங்கள்." இதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்கிறாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. குடித்தேன். எழும்பி, "போயிட்டு வாறன்" என்றேன். பூனைகள் எல்லாம் சேர்ந்து "இத்தெராஷ்ஷாய்" என்று கத்தின. ட்ராம் போய்விட்டது. அன்றைக்கு நான் வேலைக்குப் பிந்தித்தான் போனேன்.

செப்டெம்பரில் அவள் ஓர்லிகோனுக்குப் போனாள். சொல்லும் சரியாகத்தான் சொல்லிப் போனாள். ஆனாலும் வீடு வெறிச்சென்றுதான் கிடந்தது. குளியலறையில் அந்த ஊதா மயிர் கூட இல்லை. நாலு ஞாயிறு வருவாள் என்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பரீட்சை, வேலை, ஏதோ ஒன்று. ஐந்தாவது ஞாயிறு, குழம்பையும் சோற்றையும் கட்டிக்கொண்டு நானே ரயில் ஏறினேன்.

மூன்று மாடி ஏறி மணியை அடித்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "ஒகாயேரி, அம்மா" என்றாள். வேசம் இல்லை, காது இல்லை, பழைய காற்சட்டையோடு நின்று சொன்னாள். அர்த்தம் தெரிந்துதான் சொன்னாள். எனக்கும் அர்த்தம் தெரியும். சப்பாத்துக் கழற்றக் குனிந்தவள், கண்ணைத் துடைத்துக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன்.

சாப்பிட்டோம். அந்த வீட்டு நாலு பேருக்கும் நான் கொண்டுபோன குழம்பு போதவில்லை. பின்னேரம் வெளிக்கிடும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாறன் பிள்ளை" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: இவ்வளவு காலமும் வழியனுப்பிக்கொண்டு நின்றவள் நான். இன்றைக்குப் போகிறவள் நான்.

தெருவில் இறங்கிப் பத்து அடி நடந்திருக்க மாட்டேன். மேலே யன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா! எப்ப வருவீங்கள்?"

ஓர்லிகோன் முழுக்கக் கேட்டிருக்கும். நானும் அண்ணாந்து பார்த்து, அதே சத்தத்தில், "வாற ஞாயிறு!" என்று கத்தினேன்.