ரெண்டு நாள் பார்த்துக்கப்பா

தொலைக்காட்சிச் செய்தியில் படத்துக்குக் கீழே ஒரு பட்டை ஓடும் இல்லையா, அதை எழுத ஒரு ஆள் இருப்பார் என்பதே பலருக்குத் தெரியாது. தானாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தானாக ஓடுவதற்கு அது என்ன ஆறா? ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மனிதருக்கு அலுவலகத்தில் ஸ்க்ரோல்காரர் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்க மற்ற சேனல்கள், சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு இருக்கும். மேஜை மேல் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கத்துவதற்கென்றே ஒரு ஸ்பீக்கர். உலகத்தில் எது நடந்தாலும் அதைப் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் அடக்கி, முடிந்தால் ‘பரபரப்பு’ என்று ஒரு வாலையும் ஒட்டி அனுப்ப வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் ஊரே அதைப் படம் பிடித்துச் சிரிக்கும். பட்டை நின்றுபோனால் ஸ்பீக்கர் அலறும். மாற்று ஆள் வராமல் அவர் ஒன்றுக்குக்கூட எழுந்து போக முடியாது, மாற்று ஆளோ பெரும்பாலும் வரவே மாட்டான். சாப்பாடும் அந்த நாற்காலியில்தான். ஒருமுறை நாள் முழுக்க ‘கொட்டித் தீர்க்கும் கனமழை’ என்று ஓட்டிவிட்டு, குடையில்லாமல் வாசலில் வந்து நின்று, மழையா பெய்கிறது என்று காவலாளியைக் கேட்டார். காவலாளி அதைச் சொல்லிச் சொல்லியே பல நாள் பொழுதை ஓட்டினான்.

இவர் நிருபராகச் சேர்ந்தவர் என்றால் யார் நம்புவார்கள்? சேர்ந்த புதிதில் ஆலை வாசலில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் போய், வெயிலில் நின்று, நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து, உருப்படியாக ஒரு செய்தி கொண்டுவந்தார். அந்த வாரமே பட்டை எழுதுகிறவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ஆசிரியர் இவர் தோளில் கையைப் போட்டு, "ரெண்டு நாள் பார்த்துக்கப்பா" என்றார். இவரும் பார்த்துக்கொண்டார். வேகமான கை, பிழையில்லாத தமிழ், முகம் சுளிக்காத குணம். வினையே அதுதான். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. இடையில் கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் எங்காவது ஒரு அரசாங்கம் கவிழ்ந்து அவருடைய லீவு ரத்தானது. கடைசியில் வீட்டில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

தப்பித்துப் போக ஒரே ஒரு வழி வந்தது. ஒரு பத்திரிகையில் ஊர் ஊராகப் போய் எழுதும் வேலை. ஆறு மாதம் பாதிச் சம்பளம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அக்காவின் கணவர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அக்கா அடுப்படிக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து அங்கேயே நிற்பாள். அவள் மகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போகிற வயது. வாடகை, பள்ளிக்கூடம், மளிகை எல்லாம் இவர் தலையில் விழுந்திருந்த நேரத்தில் பாதிச் சம்பளத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? மொட்டை மாடிக்குப் போய், போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து சாப்பிட்டார். வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. கொஞ்சம் பயமும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஒரே நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவனுக்குத் தெருவைப் பார்த்தால் பயம் வரத்தானே செய்யும்.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு அப்பா இல்லாத குறை தெரியக் கூடாது என்று இவர் சாப்பாட்டு வேளையில் கதை சொல்ல ஆரம்பித்தார். வெள்ளத்தில் கூரைமேல் ஏறி நின்ற குடும்பம், நீதிமன்றத்தில் மயங்கி விழுந்த சாட்சி, சுரங்கத்திலிருந்து உயிரோடு வந்தவன் கேட்ட முதல் கேள்வி. எல்லாம் மற்ற சேனல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் சொல்வார். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. ‘நான் பார்த்தேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘நான் பார்க்கவில்லை’ என்றும் சொன்னதில்லை, அவ்வளவுதான். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். இவருக்கும் அந்த அரை மணி நேரம் தான் நிருபர் என்று ஒரு நினைப்பு.

விதைத்தது முளைக்காமல் இருக்குமா? அக்கா மகள் கல்லூரிக்குப் போனதும் மாணவர் பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தாள். விடுதித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்துப் படத்தோடு எழுதினாள். அடுத்த வாரம் தொட்டியைக் கழுவினார்கள். தான் எழுதி ஒரு காரியம் நடந்துவிட்டது என்றால் அந்த வயதில் கால் தரையில் படாது. மாமாவுக்கும் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பக்கத்தை அலுவலகத்தில் காவலாளியிலிருந்து ஆசிரியர் வரை எல்லாரிடமும் காட்டினார்.

படிப்பு முடிந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸிங் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. முடித்த கையோடு அங்கேயே வேலை. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். அவளோ, மாமாவின் சேனல் நடத்தும் ஊடகப் பயிற்சி நிலையத்தில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சனிக்கிழமை அங்கே அறிமுகக் கூட்டம், அன்றைக்கே சேர்க்கை.

அந்தப் பயிற்சி நிலையத்தின் லட்சணம் ஸ்க்ரோல்காரருக்குத் தெரியும். மேல் மாடியில் கேன்டீன் இருந்த இடத்தைத் தடுத்து அதை ஆரம்பித்தார்கள். அங்கே படித்த பிள்ளைகள் ‘அனுபவம்’ என்ற பெயரில் சம்பளமில்லாமல் கீழே வந்து உட்காருவார்கள். இரவும் பகலும் எழுதுவார்கள், வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். அடுத்த கூட்டம் படித்து இறங்கியதும் இவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். நன்றாக எழுதிய ஒரு பெண் இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடையில் உறை விற்கிறாள். இவரைப் பார்த்தால் உள்ளே போய்விடுவாள்.

வீட்டில் சொல்லிப் பார்த்தார். அதிலும் ஒரு சிக்கல். இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் பத்துச் சொல்லில் எழுதி எழுதி, மனிதருக்கு நீளமாகப் பேசவே வராமல் போயிருந்தது. ‘அங்கே எதிர்காலம் இல்லை’ என்பார், நிறுத்திவிடுவார். ‘நர்ஸிங் நல்ல படிப்பு’ என்பார், அதோடு சரி. எந்தத் தொழிலில்தான் கஷ்டம் இல்லை என்று பெண் சிரித்தாள். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என் தம்பி டிவியில இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். என் பொண்ணு கேட்டா மட்டும் அது பாழுங்கிணறா?" என்றாள்.

கிணறுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அப்படியானால் நீ ஏன் இன்னும் அதற்குள் கிடக்கிறாய் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் மொட்டை மாடிக் கதை வெளியே வரும். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இதற்குமேல் என்ன கெடுதல் வரப்போகிறது என்று நினைத்தவரைப் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். இயக்குநர் இனிக்க இனிக்கப் பேசுகிறவர். வழக்கமாகக் காகிதக் குவளையில் டீ குடிக்கிற ஸ்க்ரோல்காரருக்கு அன்று பீங்கான் கோப்பையில் வந்தது, அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நிறுவனத்தின் மூத்த ஊழியர் நீங்கள்தான், சனிக்கிழமை மாணவர்களுக்கு நாலு வார்த்தை வழிகாட்டியாகப் பேச வேண்டும் என்றார். மூத்தவர் ஆனதற்குக் காரணம் மற்ற எல்லாரும் ஓடிப்போனதுதான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். மனதிலிருந்து பேசுங்கள் என்று சொல்லி, பேச வேண்டியதை அச்சடித்தும் கொடுத்தார். ஸ்க்ரோல்காரர் அதைப் படிக்கவில்லை, முதலில் அதிலிருந்த சந்திப்பிழைகளைத் திருத்தினார். கை தானாகப் போகிறது, என்ன செய்வது?

முடியாது என்று சொல்லலாம்தான். சொன்னால் வேலைக்கு ஆபத்து. வேலை போனால் அந்த மாத வாடகை எங்கிருந்து வரும்? பேசினால், அந்தப் பேச்சைக் கேட்டு அவள் கையெழுத்துப் போடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

சனிக்கிழமை மேல் மாடி நிரம்பி வழிந்தது. பிள்ளைகள், அவர்களோடு வந்த அம்மா அப்பாக்கள். ஒரு பக்கம் சேர்க்கை மேஜை, அதன்மேல் புதுப் பேனாக்கள். மூன்றாவது வரிசையில் அக்கா மகள், மடியில் நோட்டு, கையில் பேனா. ஸ்க்ரோல்காரர் காகிதத்தைப் பார்த்து, ஊடகம் ஒரு பெருங்கடல் என்று ஆரம்பித்தார். அவள் அதை எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ அறுந்தது. தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தவள், இந்தக் குப்பையைப் போய் எழுதிக்கொள்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரம் அவள்மேல் இல்லை, தன்மேல்தான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"நான் இங்க வந்து ஒரு செய்தியக்கூட நேர்ல பார்த்ததில்ல," என்றார். "ஒரே ஒரு தடவை ஆலை வாசலுக்குப் போனேன். அப்புறம் ரெண்டு நாள் பார்த்துக்கப்பான்னு உள்ள உட்கார வச்சாங்க. இன்னும் உள்ளதான் இருக்கேன். வெளிய மழை பெய்யுதான்னு டிவியப் பார்த்தாத்தான் எனக்குத் தெரியும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாக்கின் கட்டு அவிழ்ந்துவிட்டது. வெள்ளமும் நீதிமன்றமும் எல்லாம் வேறு யாரோ பார்த்தது என்றார். அப்போது மட்டும் மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை. சம்பளமில்லாத அனுபவத்தைப் பற்றிச் சொன்னார், செல்போன் கடைப் பெண்ணைச் சொன்னார். கடைசியாக, "உங்களுக்கு எது நல்லா வருதோ அதுலயே உங்களை வச்சுப் பூட்டிடுவாங்க. கையில வேற நல்ல வேலை இருந்தா போயிடுங்க. இங்க சேராதீங்க" என்றார்.

வேலை போயிற்று என்று நினைத்தார். என்ன ஆச்சரியம், நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது. துரத்திவிட்டால் போதும், தானாக எழுந்து போகும் தைரியம்தான் தனக்கு இல்லை, துரத்தினாலாவது வெளியே போகலாம்.

இயக்குநர் எழுந்தார். எழுந்து கை தட்டினார். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, உண்மையைப் பயமில்லாமல் பேச இடம் கொடுக்கும் நிறுவனம் இது, இப்படிப்பட்டவர்களிடம்தான் நீங்கள் பயிலப்போகிறீர்கள் என்றார். ஒரு அப்பா எழுந்து நின்று கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். சேர்க்கை மேஜைக்கு முன்னால் வரிசை சுவரைத் தொட்டுத் திரும்பியது. இயக்குநர் அவர் காதருகில் குனிந்தார்.

"பிரமாதம். அடுத்த கூட்டத்துலயும் இதையே பேசுங்க. கொஞ்சம் சுருக்கமா இருந்தா போதும்."

பேருந்தில் மாமாவும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் சேர்க்கை ரசீது. அவ்வளவு சொல்லியும் ஏன் சேர்ந்தாய் என்று கேட்க அவருக்கு மூன்று நிறுத்தம் பிடித்தது. சின்ன வயதில் கேட்ட கதையெல்லாம் மாமா பார்க்காதது என்று தெரிந்தபோது அழுகை வந்தது என்றாள். ஆனால் வேறு ஒன்றும் தோன்றியது என்றாள். அவளுக்குக் கோபம் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவங்க ரெண்டு நாள்னுதான் சொன்னாங்க மாமா. மூணாம் நாள் நீங்க எழுந்திருக்கல. எழுந்து வெளிய வந்திருக்கலாமே, உங்களை யாரு பூட்டினா? நான் அப்படி உட்கார மாட்டேன்."

பதில் அவரிடம் தயாராக இருந்தது. பத்துச் சொல்கூட வேண்டாம். உன் அப்பா இறந்த வருஷம் எனக்கு வெளியே போக ஒரு வேலை வந்தது, உங்களுக்காக விட்டேன் என்றால் போதும். அந்த ஒரு வரி அவளை அப்படியே அடித்துப் போட்டுவிடும். ரசீதைக் கிழித்துவிடுவாள். திங்கட்கிழமை காலையில் மருத்துவமனை வாசலில் நிற்பாள், ஆயுசு முழுக்க மாமாவுக்காக நிற்பாள். நினைத்தது நடந்துவிடும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொண்டது.

அவள் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றார். "யாரும் பூட்டல."