ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும்

கைபேசியை நீட்டித் தள்ளுபடி வாங்குகிற இந்தக் காலத்தில் கத்திரி என்ற பெயருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது அந்தத் தெருவில் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களே இல்லை. லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். கைப்பையில் எந்நேரமும் ஒரு சின்னக் கத்திரிக்கோல் இருக்கும். துணி சுற்றிக் கொடுக்க லாண்டரிக்குப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அதில் கூப்பன் எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும் அவள் மூக்கில் வியர்த்துவிடும்.

வீட்டிலும் அந்தக் கத்திரிக்கோலுக்கு ஓய்வில்லை. பிதுங்க மறுத்த பற்பசைக் குழாயின் வயிற்றைக் கிழித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவாள். சோப்பு வாங்கியதும் உறையைப் பிரித்து அலமாரியில் காயப்போடுவாள்; காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. காய்கறி முழுக்க நறுக்கி முடியாமல் அடுப்பைப் பற்ற வைக்க யாரையும் விடமாட்டாள். பசியோடு கடைக்குப் போகவும் தடை. பசித்தவன் கண்ணுக்கு எல்லாமே அவசியமாகத் தெரியும் என்பாள்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவன் நண்பர்களிடம் சொல்வான்: "கல்யாணம் ஆனதுலேருந்து என்னையும் உறையைப் பிரிச்சு அலமாரியில காயப்போட்டிருக்கா. அதான் கரையாம இருக்கேன்."

சிக்கனத்தைக் கேலி செய்வது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. விலையை எவனோ தீர்மானிக்கிறான், கூலியையும் எவனோ தீர்மானிக்கிறான். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் வேறு எதை வைத்துச் சண்டை போடுவார்கள்?

மெக்கானிக்கின் தங்கை ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தது அந்த நாட்களில்தான். அடிக்கிற புருஷன் வேண்டாம் என்று கிளம்பி வந்தவள். வீட்டில் அவள் பாப்பா. கத்திரியின் வயதுதான் அவளுக்கும். வந்த மாதமே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைக்கும் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் வாடகைக்குப் பாதியை அண்ணி கையில் கொடுத்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே சீப்பால் தலை வாரிக்கொண்டார்கள்.

தெருமுனையில் இருந்த பெரிய மளிகைக் கடை மாதம் ஒரு கூப்பன் அச்சடித்துப் பேப்பருக்குள் செருகி அனுப்பும். சமையல் எண்ணெய் ஒரு பாட்டில், பாதி விலை. லாண்டரிப் பேப்பரில் கத்திரிக்கு அந்தக் கூப்பன் கைநிறையக் கிடைத்தது. என்ன பயன்? கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்: ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும். கடை கொடுத்த அட்டையில் குடும்பத் தலைவர் பெயர் இருக்கும்; எண்ணெய் வாங்கினால் அதில் முத்திரை குத்துவார்கள்.

பாப்பா தனக்கென்று ஓர் அட்டை கேட்டுப் போனாள். மேனேஜர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"வீட்டுக்காரர் பேரு?"

"இல்ல சார். நான் தனியா இருக்கேன்."

"அப்பா?"

"காலமாயிட்டார்."

"அப்ப அண்ணன் அட்டையிலயே வாங்கிக்கோம்மா. நீ ஒரு குடும்பம் இல்லியே. தனி அடுப்பு வெச்சிருந்தாலாவது யோசிக்கலாம்."

வீட்டுக்கு வந்து பாப்பா இதைச் சொன்னபோது கத்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாள் பூரா பட்டன் தைக்கிறவ, வாடகை குடுக்கிறவ குடும்பம் இல்லியாமா? மீசை இருந்தாத்தான் குடும்பமா? அடுப்புதானே வேணும் அந்த ஆளுக்கு? காட்டிடுவோம்."

பழைய பாத்திரக் கடையிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வந்து அறை மூலையில் உட்கார்ந்தது. யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு மட்டும். அடுத்த கூப்பன் நாளில் இருவரும் தனித்தனியாகக் கடைக்குப் போய் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணி. வீட்லதான் இடிக்கிறீங்கன்னா இங்கயுமா?"

"யாருடி அண்ணி? அடுப்பைப் பிரிச்ச அன்னைக்கே அண்ணி செத்துப்போயிட்டா. என் வாளியை எங்க ஒளிச்சு வெச்சே?"

"அந்த ஓட்டை வாளியையா? தண்ணி புடிச்சா பாதி வழியில தெருவுக்குக் குடுத்துட்டு வரும். அதை ஒருத்தி திருடுவாளா?"

மேனேஜர் புது அட்டை எடுத்தார். தலைவர் என்ற இடத்தில் எழுத வேறு ஆள் இல்லாததால் பாப்பாவின் பெயரையே எழுதினார். ஒற்றுமையாக இருந்தவரை குடும்பமாக இல்லாத பெண், சண்டை போட்டதும் குடும்பம் ஆகிவிட்டாள்.

அன்று வீடு வந்து சேர்வதற்குள் இருவரும் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மாதாமாதம் இதே கூத்து. ஒரு மாதம் குழாய்த் தண்ணீர், ஒரு மாதம் ஜன்னல் கதவு. இவர்கள் சண்டையைக் கேட்கவே அந்த நாளில் கூட்டம் சேர்ந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "விட்டுக்குடுத்துப் போங்கம்மா" என்று தவறாமல் சமாதானத்துக்கு வருவார். அவருக்கு ஒரு திட்டு மிச்சம் வைத்திருப்பார்கள்.

ஒரு மாதம் கத்திரி மனசு சரியில்லாமல் கடைக்குப் போனாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்பு ஒன்று கருகிவிட்டதென்று முதலாளி கூலியைப் பிடித்திருந்தான். இஸ்திரிப் பெட்டியின் பழுதை அவள் முன்பே சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சண்டைக்குக் காரணம் ஒன்றும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. வரிசை காத்திருந்தது. பாப்பா அவளைப் பார்த்துக் கண்ணால் எடுத்துக் கொடுத்தாள்.

"உனக்கென்ன?" என்றாள் கத்திரி. "புருஷனை விட்டுட்டு வந்து எங்க தலைமேலதானே உக்காந்து சாப்பிடுறே."

அடுத்துப் பேச வேண்டியது பாப்பா. தபால்காரர்கூடத் தரையைப் பார்த்தார். பாப்பா முத்திரை குத்திய அட்டையையும் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அன்று சாயங்காலம் மூலையில் இருந்த அடுப்பு முதல்முறையாக எரிந்தது.

"எதுக்கு பாப்பா ரெண்டு அடுப்பு? மண்ணெண்ணெய் வீணாகுதில்ல?" என்றாள் கத்திரி. மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

"என் மண்ணெண்ணெய் அண்ணி. என் சம்பளத்துல வாங்கினது."

அடுத்த வாரம் மெக்கானிக் தகவல் கொண்டுவந்தான். பாப்பா, கூட வேலை செய்கிற ஒருத்தியோடு சேர்ந்து அறை பார்த்திருக்கிறாள். அடுத்த மாதம் போகப்போகிறாள்.

"நடிச்சதுதானே, அவளுக்குத் தெரியாதா?" என்றாள் கத்திரி.

"வாளி கதையெல்லாம் நடிப்புன்னு தெரிஞ்சுது. இது எனக்கே தெரியலியே" என்றான் அவன்.

இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டே அவள் யோசித்தாள். சொன்னது கணக்குப்படியே பொய். யாரும் யார் தலைமேலும் உட்காரவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்ததே, எங்கிருந்து வந்தது? மேனேஜர் கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டு பக்குவமாகச் சொன்னதைத்தான் தான் பச்சையாகச் சொல்லியிருக்கிறோம் என்று புரிந்தபோது, அந்த ஆள்மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் தன்மேலேயே வந்தது. வரிசைக்கு முன்னால் சொன்னதை அடுப்படியில் நின்று முணுமுணுத்துத் திருப்பி எடுக்க முடியாது என்பதும் புரிந்தது.

அடுத்த கூப்பன் நாள் வந்தது. பாப்பா வரிசையில் நாலு பேர் தள்ளிப் பின்னால் நின்றாள். இன்றைக்கு என்ன சண்டையோ என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கத்திரி தன் அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற இந்த அட்டையை ரத்து பண்ணிடுங்க. நாங்க ஒரே குடும்பம். தனி அடுப்புன்னு சொன்னது பொய்."

மேனேஜர் விழித்தார். "அப்ப அந்தப் பொண்ணோட அட்டையை இல்ல ரத்து பண்ணணும்?"

"அது இருக்கட்டும். எங்க மூணு பேருக்கும் அதுதான் அட்டை."

"அதுல தலைவர்னு அவ பேரு இருக்கும்மா."

"ஆமா, நீங்கதானே எழுதினீங்க? அதுவே இருக்கட்டும்."

"அப்ப உங்க வீட்டுக்காரர்?"

"அவரு அதுல ஒரு ஆளு." அவள் வரிசைப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. அவ யார் தலைமேலயும் உக்காரல. வந்த மாசத்துலேருந்து வாடகையில பாதி அவ குடுக்கிறது. போன மாசம் நான் பேசினது அநியாயம்."

பின்னாலிருந்து பாப்பா வரிசையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"தலைவரை ஒரு வார்த்தை கேக்காம அட்டையை எப்படி அண்ணி ரத்து பண்ணுவீங்க? மாசம் ஒரு பாட்டில் போச்சே. பாதி விலை எண்ணெய். நல்லா இருக்கிற அட்டையை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? உங்களுக்குப் புத்தி இருக்கா?"

தபால்காரர் பழக்க தோஷத்தில், "விட்டுக்குடுத்துப் போங்கம்மா" என்றார்.

"நீங்க சும்மா இருங்க சார். நாங்க குடும்ப விஷயம் பேசிட்டிருக்கோம்" என்றாள் பாப்பா.

பார்த்து வைத்த அறைக்குப் பாப்பா போகவில்லை. ஆனால் அந்த எண்ணெய்க்காக அவள் அண்ணியைத் திட்டுவது வழி முழுக்க நடந்தது; பிறகு வருஷக்கணக்காகவும் நடந்தது. வீட்டில் எதைப் பொரித்தாலும், எண்ணெய் விலை எப்போது ஏறினாலும், அந்த அட்டைப் பேச்சு வந்துவிடும். எதற்கும் பதில் பேசாமல் இருந்தறியாத கத்திரி, அதற்கு மட்டும் ஒரு தடவைகூடப் பதில் பேசியதில்லை.