ஸ்டெல்லாவின் காதில் கோளாறு இல்லை

சுருதி பிசகியவன் நான். பழி சுமந்தவள் ஸ்டெல்லா. அதை அவள் தலையில் ஏற்றி வைத்தவனும் நானே!

இதைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சொல்லும் இந்த நேரத்திலும் வெட்கத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது… உங்கள் மேல். 'ஒரு ஸ்வரம்தானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று கேட்பீர்கள். கேளுங்கள்! ட்ராம்போன் வாசிக்கிறேன் என்றால் 'எந்தக் கல்யாண பாண்டில்?' என்று விசாரிக்கிற ஊர் இது. உங்களிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

செகந்தராபாத்தை ஒட்டிய மௌலா அலியில், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன் நான். படித்துவிட்டு ரயில்வேயிலேயே குமாஸ்தா ஆனேன். அது சோற்றுக்கு. உயிருக்கு ட்ராம்போன். அதில் அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. நீண்ட குழாயை முன்னும் பின்னும் தள்ளித்தான் ஸ்வரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அரை விரற்கடை தவறினால் போதும், ஸ்வரம் சரிந்துவிடும். காது ஒன்றுதான் காவல். அந்தக் காது எனக்கு இருப்பதாக நம்பினேன். இந்த ஊரில் வேறு எவருக்கும் இல்லை என்றும் நம்பினேன்.

நாங்கள் நால்வர். தேவாலயத்தின் பின்கூடத்தில் சனிக்கிழமைதோறும் கூடி வாசிப்போம். நான்கு பித்தளை வாத்தியங்களுக்கு ஏற்றபடி பழைய ஐரோப்பிய இசையை மாற்றி எழுதித் தருபவன் நான். ஆகவே தலைவனும் நான்.

ட்ரம்பெட் கார்த்திக். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வாத்தியம், அதைத் துடைக்க ஒரு தனித் துணி, அந்தத் துணியை வைக்க ஒரு தனிப் பை! வாசிப்பு மட்டும் எங்கும் வாங்கக் கிடைக்கவில்லை. ட்யூபா பாஸ்கர். பணிமனை பிட்டர். தன் முறை வரும்வரை தூங்குவான், வந்ததும் ஊதுவான், மறுபடி தூங்குவான். இவர்களோடு உட்கார்ந்து வாசிப்பதே நான் இவர்களுக்குச் செய்யும் தர்மம் என்று நினைத்திருந்தேன்… சிரிக்காதீர்கள்.

ஹார்ன் ஸ்டெல்லா. மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் தமிழ்க் குடும்பம். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. ஷிப்ட் முடிந்ததும் ஹார்ன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ மாறி மாறி, ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவாள். முப்பது வயதுக்கு மேல் ஹார்ன் கற்றவள். அதற்காகவே அவளை நான் ஒருபடி கீழே வைத்திருந்தேன். நன்றாக வாசித்தாள். அதற்காக இன்னொரு படி கீழே வைத்தேன்!

எங்கள் இசையைப் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. உப்பலில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் சின்ன ஸ்டூடியோ. சத்தம் வரும் என்று ஏ.சி.யை நிறுத்திவிட்டு, மே மாதத்தில், நான்கு பேர் வெந்துகொண்டிருந்தோம். ஒவ்வொருவர் முன்னும் தனித்தனி மைக். சலீம் என்ற இளைஞன் கண்ணாடிக்கு அப்பால் இருந்து பதிவு செய்தான்.

கடைசி இசைத்துண்டு மிக மெதுவானது. முடிவில் நால்வரும் நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து நீளமாக ஒரே நாதமாக நிறுத்த வேண்டும். நிறுத்தினோம். சலீம் அதைத் திரும்ப ஒலிக்க விட்டான். அந்த நாதத்தின் வால் எங்கோ கசந்தது.

ஸ்டெல்லா ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணா… தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியில உங்க நோட்டு கொஞ்சம் இறங்குற மாதிரி இருக்கு."

"என்னுதா?"

"ஹவ் அண்ணா, ஆமா. கொஞ்சம்தான். மூச்சு முடியற இடத்துல."

மெதுவாகத்தான் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். என் காதுக்கு அது செருப்படி போலக் கேட்டது. மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிற ஒருத்தி எனக்குச் சுருதி சொல்லித் தருவதா!

"நான் இறங்கல. நீதான் ஏத்திப் பிடிக்கிற. உனக்கு அது கேக்கவே இல்ல, பாரு. வாசிப்புல தப்பு இருந்தா திருத்தலாம் ஸ்டெல்லா. காதுலயே கோளாறு இருந்தா யாரு என்ன பண்ண முடியும்?"

அவள் கார்த்திக்கைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான்.

"ஆமாங்க்கா. எனக்கும் ஹார்ன்தான் கொஞ்சம் ஏறுன மாதிரி கேட்டுச்சுங்க" என்றான். அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும். பாஸ்கர் தன் ட்யூபாவில் இல்லாத அழுக்கைத் துடைத்தான்.

"சண்டை நக்கோ அண்ணா" என்றாள் ஸ்டெல்லா. முகம் சிவந்திருந்தது. "இன்னொரு தடவை எடுப்போம். நான் சரி பண்ணிக்கிறேன்."

இன்னொரு தடவை எடுத்தோம். அதற்குப் பின் இன்னும் பல தடவை. அவள் தன் ஸ்வரத்தை என் சரிவுக்கு ஏற்ப இறக்கிப் பார்த்தாள். நாதம் மேலும் கெட்டது. கெடக் கெட அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்துகொண்டே போனது. நான் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டேன்… எல்லோருக்கும் கேட்கும்படியாக.

அதுவரை நான் செய்தது ஆணவம். அதை மன்னிக்கலாம் என்று உங்களில் இளகிய மனம் படைத்தவர்கள் சொல்லக்கூடும். பொறுங்கள். நான் இன்னும் குற்றத்துக்கே வரவில்லை.

சிறந்த பதிவைத் தேர்ந்தெடுப்பதற்காக, ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் தனித்தனியாகப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான் சலீம். ஒரு பிற்பகலில் வீட்டில் தனியே உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் போன். அதில் சுருதி காட்டும் செயலி.

முதல் பதிவில், ஹார்னை மட்டும் ஓடவிட்டேன். முள் நட்டநடுவில் நின்றது. நாதம் முடியும்வரை நின்றது. அசையவே இல்லை!

பிறகு என்னுடையது. நடுவில் தொடங்கியது. மூச்சு குறையக் குறைய முள் இடப்பக்கம் சாய்ந்தது… அவள் சொன்ன அதே இடத்தில்.

போன் பழுது என்று நினைத்தேன். என் மனைவியின் போனை வாங்கி வந்து பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது. ஏன் எனக்குக் கேட்கவில்லை? உதடு தளர்ந்துவிட்டதா? காது தளர்ந்துவிட்டதா? அல்லது, கேட்டும் கேளாதவனாக இருக்க நான் பல வருடங்களாகப் பழகியிருந்தேனா?

சலீமைக் கூப்பிட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. இந்தியில்தான் பேசினோம். கடைசி நாதத்தைப் பற்றி நான் இழுத்தபோதே அவன் புரிந்துகொண்டான். ஹார்னில் அன்றைக்கே ஒரு குறையும் இல்லை என்றான்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் லீடர் அல்லவா, ஸாப்!" என்றான்.

அத்தனை பணிவான குரலில் என்னை யாரும் அவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை.

என் ஸ்வரத்தைக் கணினியில் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னேன். அவன் தூக்கினான். ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதினேன்: 'கடைசி நாதத்தில் ஹார்னைச் சரிசெய்தாகிவிட்டது. யாரும் கவலைப்பட வேண்டாம்.'

ஹார்னை! இதுதான் குற்றம். ஒரு சொல்லை மாற்றி எழுதியிருக்கலாம். என் கட்டைவிரல் அதற்கு இணங்கவில்லை.

கார்த்திக் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினான். ஸ்டெல்லா எழுதினாள்: 'தேங்க்ஸ் அண்ணா. என்னால எல்லாருக்கும் தொல்லை.'

பதிவு வெளிவந்தது. செகந்தராபாத்தில் ஒரு சின்ன அரங்கில் வாசித்தோம். துண்டுகளுக்கு நடுவில் கைதட்டும் சபை, சமோசாவுக்காகக் காத்திருக்கும் சபை. அவர்களில் ஒருவர் வந்து, பதிவில் அந்தக் கடைசி நாதம் அற்புதம் என்றார். நான் தலை தாழ்த்தி ஏற்றுக்கொண்டேன். அருகில் நின்ற ஸ்டெல்லா ஹார்னைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அதை எங்களோடு வெளியே எடுக்கவில்லை.

சில வாரம் கழித்துப் போனில் பேசினாள். காது டாக்டரிடம் போய் வந்திருந்தாள்.

"எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கு அண்ணா. ஆனா அந்த மெஷினுக்குச் சுருதி தெரியுமா? சத்தம் கேக்குதா இல்லையான்னுதானே அது பாக்கும்? நீங்க சொன்னதுதான் சரி. மத்தவங்க இத்தனை நாளா முகத்துக்காகச் சொல்லாம விட்டாங்க. நீங்கதான் மொதல்ல உண்மையச் சொன்னீங்க."

நாளெல்லாம் கருவி காட்டும் எண்ணை நம்பி வேலை செய்கிறவள்! என் சொல்லுக்காகக் கருவியை நம்ப மறுத்தாள். அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். அவள் பேசி முடித்துக் காத்திருந்தாள். நான் சொன்னது என்ன தெரியுமா?

"உடம்பப் பாத்துக்கோ" என்றேன்.

குழு சிதறியது. கார்த்திக் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனான். பாஸ்கருக்கு வருத்தமா என்றுகூட நான் கேட்கவில்லை. இவர்களை எவ்வளவு இளக்காரமாக எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? வாசிக்கத் தெரியாத கார்த்திக், தூங்குமூஞ்சி பாஸ்கர்… அந்த நால்வரில் சுருதி விட்டவன் நான் ஒருவன்தான். ஆயினும் இந்த இளக்காரம் என் நாக்கை விட்டுப் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

ஸ்டெல்லாவின் மகளுக்கு ஒன்பது வயது. வயலின் வகுப்பில் இருந்து அவளை நிறுத்திவிட்டதாகப் பாஸ்கர் வழியில் பார்த்தபோது சொன்னான். "என் காதுதானே அவளுக்கும் வந்திருக்கும்" என்று ஸ்டெல்லா காரணம் சொன்னாளாம். அதைக் கேட்டபின் இரண்டு முறை அவள் தெருமுனை வரை போனேன். இரண்டு முறையும் திரும்பினேன். ஏன்? அவள் அழுவாள் என்றா? இல்லை. அவள் என்னை என் உயரத்தில் பார்த்துவிடுவாள் என்ற பயம்!

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் எனக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாடகர் குழு வாத்தியம் இல்லாமல் ஒரு பாட்டுப் பாடியது. இரண்டாவது சரணத்திலேயே சுருதி இறங்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவதில் மிகவும் இறங்கிவிட்டது. சபையில் எவரும் அசையவில்லை. ஸ்டெல்லாவின் புருவம் மட்டும் சட்டென்று நெரிந்தது.

உடனே அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணா, சுருதி சரியா இருக்கா? எனக்குத் தெரியல… அதான் கேக்கறேன்."

ஒரு தலையசைப்பு போதும். 'இறங்குது, நீ கேட்டதுதான் சரி' என்று நாலு வார்த்தை போதும். அதைச் சொன்னால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று நான் கணக்குப் போட்டேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நெரிந்த புருவத்தை மெல்லத் தளர்த்திக்கொண்டு, பாட்டை ரசிப்பவள் போல முன்னால் பார்க்கத் தொடங்கினாள்.