படத்தில் ஒட்டியிருந்த கடல்மண்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அது நல்ல வேலைதான். கொழும்பில் நின்ற மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பப் பேப்பர் போட்டிருந்தேன். வேலை போனால் அவர்கள் வருவதும் தள்ளிப்போகும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு படத்தையும் மூன்று தரம் பார்ப்பேன். கண்ணாடிக்குள் ஒரு தூசி தெரிந்தாலும் ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் வேலையில் பாதி தூசி எடுப்பதுதான்.

ஒருநாள் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் சின்ன ஓயில் பெயின்ற் படமொன்றைத் தந்துவிட்டுப் போனார். கடற்கரை, பாறை, இரண்டு வள்ளம். கிட்டப் பார்த்தால் வெறும் பூச்சு. நாலடி தள்ளி நின்றால் தண்ணீர் அசையும். வள்ளத்தின் நிழலை ஊதாவில் போட்டிருந்தது எனக்குப் பிடிபடவில்லை.

அடிப்பக்கத்து மஞ்சளில் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. என் மேசை ஊத்தைதான் என்று நினைத்தேன். சாமண இடுக்கியால் ஒன்றை எடுத்தேன். பிறகு இன்னொன்று. பக்கத்தில் வேலை செய்த மன்னார் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐசே, படத்துக்குப் பேன் பாக்கிறீரோ?"

"ஊத்தை அண்ணை. இஞ்சைதான் ஒட்டிப்போட்டுது போல."

அவர் அதை விரலில் வைத்து உரசினார். "உது கடல்மண். சிப்பித்தூளும் கிடக்கு. கரையிலை பிறந்த எனக்கு உது தெரியாதே?"

"படத்துக்குள்ளை எப்பிடி வந்தது?"

"முதலாளியைக் கேளும். எடுத்ததை மட்டும் சொல்லாதையும்."

முதலாளி ஹங்கேரிக்காரர். கேட்டதும் உசாராகிவிட்டார். அவர் இங்கிலிஷில் சொன்னதை அண்ணைதான் எனக்குத் தமிழில் சொன்னார். நூறு வருசத்துக்கு முந்தின பிரான்சில் சில ஓவியர்கள் அறைக்குள் இருந்து படம் கீறுவதை விட்டு, ட்யூபில் அடைத்த பெயின்றோடு கடற்கரைக்கே போனார்களாம். வெளிச்சம் மாறமுதல் முடிக்கவேண்டும். அதுதான் அந்த அவசரப் பூச்சு. நிழல் கறுப்பில்லை, வானத்தின் நிறம் அதில் விழும் என்று கண்டவர்களும் அவர்கள்தானாம். அரைகுறைப் படம் என்று சனம் சிரித்ததாம்.

"காற்றில் பறந்த மண் ஈரப் பெயின்றில் ஒட்டும். இதைக் கீறியவர் யாரென்று தெரியாது. கரையில் நின்றுதான் கீறினார் என்பதற்கு இந்த மண்தான் சாட்சி," என்றார்.

மறைத்தால் நித்திரை வராது, என்னை எனக்குத் தெரியும்.

"நான் ரெண்டை எடுத்துப்போட்டன்," என்று தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அண்ணை தலையில் கைவைத்தார்.

முதலாளி பூதக்கண்ணாடியைப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். "இன்னும் பதினொன்று இருக்கு," என்றார். பிறகு என்னை நிற்கவைத்துக்கொண்டே அந்த அம்மாவுக்குப் போன் எடுத்தார். முதலாளி ஓம் ஓம் என்று தலையாட்டுவதைத் தவிர எனக்கொன்றும் விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு ஒரு கடதாசியை நீட்டினார். இந்தக் கடையில் இரண்டு மண்மணி எடுபட்டது, மிச்சத்தைத் தொடவில்லை என்று என் கையால் எழுதிப் படத்தின் பின்பக்கம் ஒட்டவேண்டுமாம். அந்த அம்மா கேட்டது அவ்வளவுதானாம். முதலாளி இங்கிலிஷில் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். அரை மணித்தியாலம் பிடித்தது.

ஒட்டி முடித்துவிட்டு, நாளைக்கு வேலைக்கு வரலாமோ என்று கேட்டேன்.

"ஏன், நாளைக்கு லீவு வேணுமோ?" என்றார்.