ஜெயில் ஊருக்குக் குடிபோனவள்

"நஸவாமுக்கா? அங்க போற அளவுக்கு யாரைடி கொன்ன நீ?"

கோர்கோய் இப்படிக் கேட்டதும், முற்றத்தில் மீன் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். தலைநகர் அக்ராவில் நஸவாம் என்று சொன்னால் முதலில் ஜெயில்தான் ஞாபகத்துக்கு வரும். அப்புறம்தான் அந்த ஊர் ரொட்டி.

எசினாம் அலசிக்கொண்டிருந்த சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். "கொன்னவங்களுக்கு அங்க சும்மாவே இடம் தர்றாங்க அக்கா. நான் யாரையும் கொல்லலையே, அதனாலதான் வாடகைக்குப் போறேன்" என்றாள்.

சிரிப்பு நின்றது. அந்த வீட்டில் கோர்கோய்க்கு யாரும் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

கோர்கோய், எசினாமின் கணவன் அடோத்தேயின் மூத்த அக்கா. சோர்கோர் கடற்கரையில் அந்தக் குடும்ப வீட்டின் முற்றம் முழுக்க அவளுடைய மண் அடுப்புகள்தான். படகு வந்ததும் கூடை கூடையாக மீன் வந்து இறங்கும். வலைத்தட்டுகளில் அடுக்கி, விறகுப் புகையில் பொன்னிறமாகும்வரை வாட்டி, சந்தைக்கு அனுப்புவாள். அம்மா செத்தபோது அடோத்தே தவழ்ந்துகொண்டிருந்தான். அவனைத் தூக்கி வளர்த்து, வயரிங் வேலை படிக்க வைத்து, கல்யாணமும் செய்துவைத்தவள் அவள்தான். எல்லாம் அந்த அடுப்புகளிலிருந்து வந்த காசு. அதனால் அடோத்தே ஊரெல்லாம் மின்கம்பம் ஏறுவான், அக்கா முன்னால் மட்டும் கால் நடுங்கும்.

எசினாம் வோல்ட்டா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பாள். அவளும் அடோத்தேயும் இரண்டு பிள்ளைகளும் இருந்த அறையின் ஒரே ஜன்னல் அடுப்பைப் பார்த்துத்தான் திறக்கும். மூத்தவள் ஷோர்மேக்கு ஐந்து வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்கு இழுப்பு. புகை கனமாக இருக்கும் நாட்களில் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். கழுத்துக்குழி உள்வாங்கும். சுகாதார நிலையத்து நர்ஸ் கடைசியாகப் பார்த்தபோது மருந்துச் சீட்டைக்கூட எடுக்கவில்லை. "மருந்து அப்புறம். முதல்ல இந்தப் பிள்ளையைப் புகையிலேருந்து தூக்கிட்டுப் போ" என்றாள்.

கோர்கோயிடம் இதைச் சொன்னதற்கு, "உன் புருஷன் இந்தப் புகையிலதான் வளர்ந்தான். நான் வளர்ந்தேன். எங்கம்மா வளர்ந்தா. எங்களுக்கெல்லாம் நெஞ்சு இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு அக்கா. உங்க நெஞ்சு கெட்டி. எம்பொண்ணுக்கு அப்படி அமையல. அதுக்காக அவளை விட்டுட முடியுமா?"

அடுப்பை நகர்த்தும்படி எசினாம் ஒரு நாளும் கேட்கவில்லை. அது பல வீடுகளுக்குச் சோறு போடுகிற அடுப்பு என்பது அவளுக்குத் தெரியும். அடுப்பு நகராது என்றால் நாம்தான் நகர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

நஸவாம் பேச்சு எழுவதற்கு வெகு முன்பே, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீடு தேட ஆரம்பித்திருந்தாள். சின்னவன் முதுகில், ஷோர்மே கையில். அக்ராவுக்குள் எங்கே கேட்டாலும் இரண்டு வருஷ வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்டார்கள். ஆகவே ட்ரோட்ரோ வேன் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போனாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு புரோக்கர் இருந்தான். ஒவ்வொருவனும் ஒரே கேள்வி கேட்டான்.

"புருஷன் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்கார்."

"அவர் வரட்டும், பேசலாம்."

"வீட்டுல சமைக்கப்போறதும் துவைக்கப்போறதும் நான். தண்ணி வராட்டி குடம் தூக்கப்போறதும் நான். என்கிட்டப் பேசுங்க."

ஒரு வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "குழந்தைங்க சுவத்துல கிறுக்குமே" என்றார். "கிறுக்கும்தான். கிறுக்காத குழந்தை வேணும்னா நீங்க பொம்மையைத்தான் குடிவைக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இன்னொரு ஊரில் வீடு அழகாக இருந்தது, வாடகையும் கைக்கு அடக்கம். ஆனால் எல்லா அறையிலும் சுவரின் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடியது.

"இது என்ன, வெள்ளம் நின்ன கோடா?"

"இல்லம்மா, அது பெயின்ட் டிசைன்" என்றான் புரோக்கர்.

"அப்போ பக்கத்து வீட்டு நாய்க்கூண்டுக்கும் அதே டிசைன்தான் போட்டிருக்காங்க போல" என்றாள் எசினாம். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஸ் நிறுத்தம்வரை கூட வந்து வழியனுப்பினான்.

நஸவாமில் அவள் இறங்கியது வீடு பார்க்க இல்லை. அதையும் தாண்டி இன்னொரு ஊருக்குப் போகிற வழியில் ஷோர்மே பசி என்றாள். வேன் நின்றதும் ரொட்டிக்காரிகள் தலையில் தட்டோடு ஓடிவந்து ஜன்னலை மொய்த்தார்கள். ஓடிவராமல் ஒருத்தி மட்டும் மரத்தடியிலேயே நின்றாள். ஒஹெனேவா என்று பேர். நல்ல பருமன். ஓடினால் முழங்கால் வலிக்கும், அதனால் வேண்டியவர்கள் தன்னிடம் வரட்டும் என்கிற ரகம். எசினாமுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இறங்கிப்போய் ரொட்டி வாங்கினாள். பேச்சு வளர்ந்தது. வேன் கிளம்பிப் போய்விட்டது.

"வீடா தேடுற? என் தம்பி இத்தாலியில இருக்கான். அவன் வீடு மேட்டுல பாதியில நிக்குது. அவன் காசு அனுப்புனா சுவர் கொஞ்சம் ஏறும், அனுப்பாட்டி ஆட்டுக்குட்டிங்க ஏறும். பாக்குறியா?" என்றாள் ஒஹெனேவா.

மேட்டுக்கு ஏறினார்கள். கீழே டென்சு ஆறு தெரிந்தது. எசினாம் முதலில் பார்த்தது அதைத்தான். எந்த மழைக்கும் அந்தத் தண்ணீர் இவ்வளவு உயரம் ஏறாது. வீட்டில் இரண்டு அறைகளுக்குத்தான் கூரை. ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் ஓட்டை. மின்சாரம் இல்லை. தண்ணீர்க் குழாய் மேட்டடியில். அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷோர்மே ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு மேடு முழுக்க ஓடினாள், இறங்கினாள், மறுபடி ஓடினாள். எசினாம் கூப்பிட்டு அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். ஓடிவந்த பிள்ளையின் மூச்சு மட்டும்தான் கேட்டது. விசில் சத்தம் இல்லை.

"முன்பணம் கேட்டா என்னால முடியாதும்மா. என் வீட்டுக்காரர் வயரிங் வேலைக்காரர். வீடு முழுக்க வயர் இழுத்துத் தருவார். ஜன்னல் ரெண்டு நான் போடுறேன். அதையே முன்பணமா எடுத்துக்கங்க" என்றாள்.

ஒஹெனேவா மரத்தடியில் நின்ற மாதிரியே இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "எனக்குச் சரி. அவர் சம்மதிப்பாரா?"

"சம்மதிக்க வைக்கிறது என் வேலை."

அடோத்தே சம்மதிக்கவில்லை. படகுகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, புளித்த சோளமாவில் அவித்த கெங்கே உருண்டையைப் பிட்டு மிளகாய் விழுதில் தொட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில், "நீ பிள்ளைங்களோட போயிரு. நான் அக்கா கூட இருந்துட்டு சனிக்கிழமைல வந்து போறேன். எங்க ஆளுங்க அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்தாங்க. ஆம்பளைங்க ஒரு வீடு, பொம்பளைங்க ஒரு வீடு" என்றான்.

எசினாமுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "அந்தக் காலத்துல ரெண்டு வீடும் கூப்பிடு தூரத்துல இருந்துச்சு. நீ உங்க வழக்கத்துக்காகப் பேசல, அக்காகிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டுப் பேசுற. நான் சனிக்கிழமைப் புருஷனுக்குக் காத்துக்கிட்டு உக்கார மாட்டேன். வியாழக்கிழமை போறேன். வர்றதுன்னா குடும்பமா வா. இல்லாட்டி வராத."

வியாழக்கிழமை காலையில் மூட்டைகள் முற்றத்துக்கு வந்தபோது கோர்கோய் வாசலுக்கு நடுவில் மெத்தையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "இது என் தம்பி காசுல வாங்கின மெத்தை. இந்த வாசலைத் தாண்டாது."

அடோத்தே அடுப்புப் பக்கம் தலையைக் குனிந்து நின்றான். அடுத்த வீட்டுக்காரர்கள் மதில் மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மெத்தை இருக்கட்டும் அக்கா" என்றாள் எசினாம். "தையல் மெஷின் என் காசு. பிள்ளைங்க நான் பெத்தது. இது ரெண்டும் வாசலைத் தாண்டும்."

மெஷினைத் தலையில் வைத்தாள். சின்னவனை முதுகில் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஷோர்மே கையைப் பிடித்துக்கொண்டு மெத்தையைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். கோர்கோய் எழுந்து தடுக்கவில்லை. ஆனால் தெருமுனைவரை அவள் குரல் கூடவே வந்தது. "போ, போ. கைதிங்களோட போய்க் குடும்பம் நடத்து."

முதல் வாரம் பெரும்பாடு. ஜன்னல் ஓட்டைகளில் மாவு மூட்டைச் சாக்கை ஆணியடித்து வைத்தாள். மழை அதைப் பொருட்படுத்தவில்லை. பாயில் படுத்து முதுகு வலித்தது. ஆனால் ஷோர்மே நன்றாகத் தூங்கினாள். பக்கத்தில் படுத்து அந்தச் சத்தமில்லாத மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பாள் எசினாம். அப்போது முதுகு எப்படி வலித்தாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

குழாயடியில் பெண்கள் அவளிடம் அளவுக்கு மீறிக் கனிவாக இருந்தார்கள். வரிசையில் முன்னே விட்டார்கள். ஒருத்தி வாழைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் ஒரு பெண் குடத்தை நிமிர்த்திக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு எத்தனை வருஷம் போட்டிருக்காங்க?"

அப்போதுதான் புரிந்தது. கைக்குழந்தையோடு தனியாக வந்து இந்த ஊரில் குடியேறுகிறவள், ஜெயிலில் இருக்கிற புருஷனைப் பார்க்க வசதியாக வந்தவளாகத்தான் இருப்பாள் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

"இன்னும் தீர்ப்பு ஆகல" என்றாள் எசினாம்.

"என்ன செஞ்சார் பாவம்?"

"அக்காவுக்குப் பயந்தார்."

கேட்டவள் ஒரு கணம் விழித்தாள். அப்புறம் குழாயடியே உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஊரில் சிநேகிதிகள் கிடைத்தார்கள். ஒஹெனேவாவின் மூலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடைகளும் தைக்க வந்தன.

ஊரில் ஒரு மாதம் ஓடுவதற்குள் அடோத்தே வந்துவிட்டான். சனிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. ஒரு தோளில் கருவிப் பை, மறுதோளில் துணிமூட்டை. வேனிலிருந்து இறங்கி மேட்டுக்கு வழி கேட்டவனை, குழாயடியில் ஒரு கிழவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லது தம்பி, வெளிய வந்தாச்சு. இனிமே நல்லபடியா இரு" என்றார். இன்னொருத்தி "பொண்டாட்டி ரொம்பக் கஷ்டப்பட்டா, அவளை மறந்துடாத" என்றாள். வீட்டு வாசலில் வந்து நின்றவன் முகம் முழுக்கக் குழப்பம்.

"ஏன் எல்லாரும் எனக்கு விடுதலை ஆயிடுச்சுன்னு சொல்றாங்க?"

எசினாம் மெஷினை நிறுத்தவில்லை. "ஆகலையா?"

அவன் கருவிப் பையை இறக்கிவைத்தான். ஷோர்மே அவனை மேட்டு உச்சிவரை ஓட்டப்பந்தயத்துக்கு இழுத்துப்போனாள். திரும்பி வந்தபோது இரைத்தது அவனுக்குத்தான். அவன் திண்டாடி உட்கார்ந்ததைப் பார்த்து மகள் சிரித்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியதை வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டான். சாயங்காலம் ஏணி கேட்டு வாங்கி, முதல் அறைக்கு வயர் இழுக்க ஆரம்பித்தான்.

கோர்கோய் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றவள், மறு வருஷம் ஒரு கூடை வாட்டிய மீனோடு வந்தாள். நஸவாம் சந்தையில் மீனுக்கு நல்ல விலை என்று யாரோ சொல்ல, வியாபாரத்துக்காகத்தான் வந்ததாகச் சொன்னாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலைத் தட்டிப் பார்த்தாள். "காத்து வருது, சரி. உப்பே இல்லாத காத்து. இதுல என்ன ருசி?" என்றாள். எசினாம் சூப்பு ஊற்றிக் கொடுத்தாள். கோர்கோய் இரண்டு முறை வாங்கிக் குடித்தாள், ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எசினாமும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஷோர்மே நான்காம் வகுப்புக்குப் போன வருஷம் இத்தாலிக்காரத் தம்பி ஊருக்கே திரும்பி வந்தான். வீடு அவனுக்கு வேண்டும். ஒஹெனேவா அழுதுகொண்டே வந்து சொன்னாள். எசினாம் அவளைத்தான் தேற்ற வேண்டியிருந்தது. செய்தி சோர்கோருக்குப் போனதும் அடோத்தேயின் போனில் அக்கா வந்தாள். குரலில் வெற்றிக் களிப்பு.

"பாத்தியா? அடுத்தவன் வீடு அடுத்தவன் வீடுதான். உங்க அறையைக் கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கேன். மூட்டையைக் கட்டிக்கிட்டு வாங்க."

எசினாம் போனுக்காகக் கையை நீட்டினாள். நஸவாமையும் தாண்டி, இன்னும் மேலே, ஒரு சிற்றூரில் அரை மனை பேசி முடித்திருந்தாள். இந்த முறை சொந்தமாக, ஓர் அறை மட்டும் கட்டுவது என்று திட்டம். அதைக் கோர்கோயிடம் எப்படிச் சொல்வது என்று பல நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள்.

அடோத்தே போனைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்றுகொண்டான்.

"அக்கா, மூட்டை கட்டியாச்சு" என்றான். "ஆனா அந்தப் பக்கம் வரல. இன்னும் தூரமாப் போறோம்."

அந்தப் பக்கத்திலிருந்து என்ன வசவு வந்ததோ, அவன் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். வைக்கவில்லை. முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்து, "சரிக்கா. வீடு கட்டி முடிச்சதும் வந்து பாரு" என்றான்.