விழுந்தால் தூக்கக்கூடிய மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் அதை ஓட்டிப் பார்ப்பார்கள். என் மனைவி படுக்கவைத்துப் பார்த்தாள். இப்போது இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல்தான்.

யுத்த காலம் அது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞன். அவள் ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, படித்து, அரசாங்க மருத்துவிச்சியானவள். கல்யாணமாகி மஹய்யாவவில் வாடகைக்கு இருந்தோம். ஆம் என்பதற்கு நான் சொல்லும் ‘ஓம்’ அவளுக்குச் சிரிப்பு, அவளுடைய ‘வாங்க, போங்க’ எனக்கு வானொலி நாடகம். அவளை ஹுன்னஸ்கிரியவுக்கு மாற்றினார்கள். கடைத்தெருவுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன வீடு பிடித்துக் குடிபோனோம். நான் பஸ்ஸில் கண்டிக்கு வேலைக்குப் போய்வந்தேன், அவள் மலை ஏறினாள்.

ஏறினாள் என்றால் நடந்து ஏறினாள். அங்கேயிருந்த தேயிலைத் தோட்டத்தின் உச்சிப் பிரிவை மேற்கணக்கு என்பார்கள். அங்கே போகும் பாதை வெயில் காலத்தில் கல், மழை காலத்தில் செம்மண் சேறு. லொறியே புதைந்து நாள்கணக்கில் கிடக்கும். முதல் மழை காலத்தில் மேற்கணக்கிலிருந்து ஆள் வந்து கூப்பிட, அவள் குடையும் பையுமாக ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. தாய்க்கு இரத்தம் நிற்காமல் போய், என் மனைவியின் கண்முன்னே உயிர் அடங்கியது. வீட்டுக்கு வந்து கால்களைக் கழுவினாள், தேத்தண்ணி குடித்தாள். அழவில்லை.

“எனக்கு ஒரு பைக் வேணுங்க” என்றாள்.

அவளுக்கு ஓட்டத் தெரியும். தோட்டத்தில் அண்ணன்மாரோடு வளர்ந்தவள். எனக்கும் தெரியும், அதோடு பைக் விஷயத்தில் என் வாய் கொஞ்சம் நீளம். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதன் வயசைச் சொல்வேன் என்று அலுவலகத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். ஆகவே பழைய பைக் பார்க்கும் பொறுப்பு இயல்பாகவே என்னுடையது என்று நினைத்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை.

முதலில் பார்த்தது கட்டுகஸ்தோட்டையில். பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். அவள் அதைத் தொடக்கூட இல்லை. குனிந்து எஞ்சினுக்கும் தரைக்கும் இடையே தன் கையை நிமிர்த்தி வைத்துப் பார்த்துவிட்டு, “இது கண்டி டவுனுக்கு. சேத்துல வயிறு தட்டும்” என்று சொல்லி நடந்தாள்.

இரண்டாவதை ஒரு முஸ்லிம் வியாபாரி வைத்திருந்தார். காடுமேடு ஏறவென்றே செய்த பெரிய பைக். உயரமான இருக்கை, முள்முள்ளாகக் கட்டை வைத்த டயர், உதைத்தால் முதல் உதையிலேயே பற்றிக்கொள்ளும். நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். வாழ்க்கையில் அப்படியொரு எஞ்சினை நான் ஓட்டியதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது, இறக்கத்தில் சத்தமே இல்லாமல் இறங்கியது.

“இஞ்சேரும், இதைத்தான் எடுப்பம். வேற ஒண்டும் பாக்கத் தேவையில்லை” என்றேன்.

முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் அவள் வியாபாரியிடம் கேட்டாள்: “நானா, இத இந்தப் புல்லுல படுக்க வைக்கலாங்களா?”

அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவரும் அவளுமாகப் பைக்கை மெல்லச் சாய்த்துப் புல்லில் கிடத்தினார்கள்.

“ஓட்டிப் பாக்கிற ஆக்களக் கண்டிரிக்கி தங்கச்சி. படுக்க வெச்சிப் பாக்கிற ஆள இண்டைக்கித்தான் காணுற” என்றார் அவர்.

அவள் பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹாண்டிலையும் மற்றக் கையால் பின்கம்பியையும் பிடித்து, கால்களை ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளினாள். பைக் கொஞ்சம் எழும்பிவிட்டு விழுந்தது. மறுபடியும் தள்ளினாள். கழுத்து நரம்பு புடைத்தது. நான் உதவிக்குப் போனேன்.

“கிட்ட வராதீங்க” என்றாள். “மேற்கணக்கு ரோட்டுல வந்து தூக்கிக் குடுப்பீங்களா?”

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. அவளால் அதைத் தூக்க முடியவில்லை. சேலையைத் தட்டிவிட்டு வியாபாரிக்கு நன்றி சொன்னாள். அருமையான பைக்கை விட்டுவிட்டு வருகிறாளே என்று பஸ்ஸில் வழிநெடுக முணுமுணுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நித்திரை கொண்டாள், அல்லது கொண்டது போல இருந்தாள்.

மூன்றாவது ஹேவாஹெட்டவில், அவளுடைய சொந்தக்காரர் ஒருவர் மூலம் கிடைத்தது. தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் ஓய்வு பெறும்போது விற்றது. சின்ன உடம்பு, பெரிய சில்லு. மட்கார்ட்டுகள் உயர்த்திப் பூட்டியிருந்தன, சேறு அடைக்காது. சங்கிலி புதுசு. பெயின்ட் இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது. அவள் அதை மண்ணில் படுக்கவைத்தாள், குந்தினாள், தள்ளினாள். பைக் எழுந்து நின்றது. மறுபக்கம் படுக்கவைத்தாள். மறுபடியும் எழுந்து நின்றது. அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பல மாதங்களாகக் கண்டதில்லை.

பிறகுதான் ஓட்டினாள். தேயிலைக்கு நடுவே ஏறி மறைந்தாள். இறங்கி வரும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பட். கொஞ்சம் பொறுத்து, பட் பட். அக்ஸிலேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது சைலன்சர் வெடித்தது. தோட்டம் முழுக்க எதிரொலித்தது. நான் சட்டென்று தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்திவிட்டேன்.

அந்தக் காலத்தில் வாழாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் விளக்க வேண்டும். கண்டி மார்க்கெட்டில் ஒரு டயர் வெடித்தால் சனம் மரக்கறிக்கு நடுவே விழுந்து படுத்த காலம். எங்கள் வீட்டுக்குப் போகும் பிரதான வீதியில், தோட்டப் பாதை வந்து சேரும் சந்தியில், ஒரு தொலைத்தொடர்புக் கோபுரத்தைக் காவல் காக்க இராணுவத்தின் சென்றி, காவலரண், இருந்தது. மண்மூட்டை, துப்பாக்கி, அதற்குப் பின்னால் ஊரை விட்டு வந்த இளம் பையன்களின் பயந்த கண்கள். மலையிலிருந்து இறங்கி அந்தச் சென்றியைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்கு வர வேண்டும். நான், தமிழரைத் தேடித் தேடி வெட்டிய ஆடிக் கலவரத்தில், ஒரு நண்பரின் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்து உயிர் தப்பியவன். சத்தம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

“உமக்கு விசரோ?” என்றேன். “சென்றியில நிக்கிறவன் சத்தத்தைக் கேட்டுப்போட்டு ஆளைப் பாத்துக்கொண்டிருக்க மாட்டான். சுட்டுப்போட்டுத்தான் பாப்பான்.”

“சத்தம் வந்தா நான் சொல்லிக்குவேங்க. அவங்களுக்குக் காது இருக்கு” என்றாள். “சேத்துல விழுந்து கெடந்தா யார்கிட்ட சொல்றது? சேத்துக்குக் காது இருக்கா?”

அந்தப் பைக்கையே வாங்கினோம். கராஜ்காரர் கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டினார், சைலன்சரை மாற்றினார், கடைசியில் கையை விரித்தார். அது வெடித்துக்கொண்டேதான் இருந்தது. பிள்ளையார் கோயிலில் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது நான் வேண்டிக்கொண்டது எஞ்சினுக்காக அல்ல.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வெள்ளை யூனிபோர்மை மாட்டினாள். கவுனுக்கு அடியில், கால்களை மறைக்க, என் பழைய களிசான். “வாங்க, ஒரு எடத்துக்குப் போயிட்டு வரலாம்” என்று என்னைப் பின்னால் ஏற்றினாள். நேரே சென்றிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பஸ்ஸில் வரும்போது தவிர, சென்றி இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் நான்.

சார்ஜன்ட் வெளியே வந்தார். அவள் சிங்களத்தில் பேசினாள். அவளுடைய சிங்களம் என்னுடையதைப் போல அலுவலகக் கடதாசியில் படித்தது அல்ல. கண்டிச் சந்தையில் பேரம் பேசிப் பழகியது. “நான் இந்தப் பகுதி மருத்துவிச்சி. இது என் பைக். இறக்கத்தில் இது இருமும். ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போது கேட்டாலும் நான் என்று தெரியும்” என்றாள்.

சார்ஜன்ட் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். அவள் என்னை இறக்கிவிட்டு மேலே ஏறினாள். துப்பாக்கியோடு நிற்கும் அத்தனை பேரையும் பார்த்தபடி, வளைவிலிருந்து இறங்கி வந்தாள். பட். பட் பட். ஒரு பையன் துள்ளி விழுந்தான், மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சார்ஜன்ட் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். அதற்குப் பிறகு தயங்கித் தயங்கி, ஊரில் தன் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பதாகவும் கால் வீங்கியிருப்பதாகவும் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த மனிதரை நன்றாக ஏசினாள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று. அவர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். நான் அவளைக் கல்யாணம் செய்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பைக்கும் தன் பங்குக்கு உழைத்தது. மழை காலத்தில் தோள் வரைக்கும் சேறாக வீடு வருவாள். “எத்தினை தரம் விழுந்தனீர்?” என்று கேட்பேன். “எந்திரிச்சத எண்ணுங்க” என்பாள். மேற்கணக்கில் அந்த மழை காலத்தில் பிறந்த பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். நான் ஆசைப்பட்ட பெரிய பைக்கை வாங்கியிருந்தால் அது ஏதோ ஒரு வளைவில் சேற்றில் படுத்திருக்கும், அவள் குடையும் பையுமாகப் பழையபடி ஓடியிருப்பாள். இதை நான் அவளிடம் வாய்விட்டே சொன்னேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சென்றியில் வழக்கம்போல எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன், சார்ஜன்ட் இல்லை. ஒரு முகமும் தெரிந்த முகமாக இல்லை. காலையில் நான் போன பிறகுதான் ஆட்களை மாற்றியிருக்கிறார்கள். விடியவே மேற்கணக்குக்குப் போன என் மனைவி இன்னும் இறங்கியிருக்க மாட்டாள். இறங்கும்போது பைக் வெடிக்கும்.

அடையாள அட்டையைக் காட்டிவிட்டு எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று அட்டையில் எழுதியிருக்கும் ஒருவன், சென்றிக்கு முன்னால் தனியே நின்றுகொண்டு, தன் கடதாசிச் சிங்களத்தில், “இப்போது மேலே ஒரு வெடிச்சத்தம் கேட்கும், தயவுசெய்து பயப்படாதீர்கள்” என்று சொன்னால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. கையைத் தலையில் வைத்து முழங்காலில் இருத்தினார்கள். எங்கே வெடிக்கும், யார் வைத்தது, கூட வந்தவன் யார் என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள். பயத்தில் என் சிங்களம் முழுக்க மறந்துபோனது. பைக், மனைவி, பிள்ளைப்பேறு என்று தமிழில் உளறினேன்.

அப்போது மேலே வளைவில் கேட்டது. பட். பட் பட்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவன் துப்பாக்கியைக்கூடத் திருப்பவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “மிஸ்ஸி எனவா” என்றான். மருத்துவிச்சி அம்மா வருகிறார் என்று அர்த்தம். பிறகு என்னைக் குனிந்து பார்த்தான். “முன்பு இருந்தவர்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அந்தச் சத்தத்தை எங்களுக்குத் தெரியும். உன்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. நீ யார்?”

பைக் வந்து நின்றது. சேறு அப்பிய கவுனோடு இறங்கினாள். முழங்காலில் நின்ற என்னைக் கண்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. “மகே மஹத்தயா” என்றாள், என் வீட்டுக்காரர் என்று. அவ்வளவுதான். எத்தனையோ சென்றிகளில் எத்தனையோ தரம் திருப்பித் திருப்பிப் பார்க்கப்பட்ட என் அட்டையை, பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்கள்.

“ஏறுங்க” என்றாள். ஏறினேன். வீடு வரும் வரைக்கும் அவள் ஒரு கையால் பைக்கை ஓட்டி, மற்றக் கையால் என் கையைத் தன் இடுப்போடு பிடித்திருந்தாள்.

மறுநாள் காலை யூனிபோர்மை மாட்டிக்கொண்டு, என்னையும் சட்டை போடச் சொன்னாள். சென்றிக்கு முன்னால் பைக்கை நிறுத்தி, எல்லோரையும் வெளியே கூப்பிட்டு, என் தோளில் கை வைத்துச் சொன்னாள்: “பைக்கை உங்களுக்குத் தெரியும். இவரையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கொஞ்சம் சத்தம் போடும். பயப்படாதீர்கள். போகும்போது, அடுத்து வருகிறவர்களுக்கு இவரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.”

சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.