நடைக்கு ஒரு கார்பெட்

எங்கள் குவார்ட்டர்ஸில் பெட்ரூமுக்கு வெளியே உள்ள குறுகலான நடையில் விரிக்க, நீளமான கார்பெட் வாங்க இன்று மந்தாரக்குப்பம் போனேன். மெத்தென்று தடியாக ஒன்றைப் பார்த்ததும் மனம் அதிலேயே நின்றுவிட்டது.

"பெட்ரூம் கதவு நடைப் பக்கம் தொறக்குமா, உள்பக்கமாங்க? நடைப் பக்கம்னா இது தடுக்கும்" என்றார் கடைக்காரர்.

பதினோரு வருடமாகத் திறந்து மூடும் கதவு. எனக்குத் தெரியவில்லை. காற்றில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தேன், இழுத்தும் பார்த்தேன். இரண்டுமே சரியாகப் பட்டது.

ஷிப்டில் இருந்த கணவரை போனில் பிடித்து, நம் குவார்ட்டர்ஸ் பெட்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன். "ஏன், கதவு ஒடஞ்சிடுச்சா?" என்று பதறினார். அவருக்கும் தெரியவில்லை.

பக்கத்தில் மிதியடி பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பினார். "போன்ல கேட்டீங்களே, எங்களுதும் குவார்ட்டர்ஸ்தாங்க, கதவெல்லாம் ஒரே மாதிரிதான். நடைப் பக்கந்தான் தொறக்கும். மெல்லிசா எடுங்க."

"நல்லாத் தெரியுமாங்க?"

"எங்க வூட்டுக்காரர் தூங்கும்போது தடியா ஒண்ண விரிச்சுட்டேங்க. உள்ளயே மாட்டிக்கினு ஷிப்ட் பஸ்ஸ வுட்டுட்டாரு."

மெல்லிசாகவே வாங்கினேன். மாலை வீடு திரும்பிய கணவர் கார்பெட்டைப் பார்க்கவேயில்லை. கதவைத்தான் மூன்று முறை திறந்து மூடினார்.

எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் எந்தப் பக்கம்?